கடிவாயிலிருந்து மூளை வரை

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், பணி ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைரஸ் பற்றி அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். வைரஸ் என்றதும் கொரோனாதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும், சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. அதனால் நம் தெருவிலேயே திரிகிற ஒரு வைரஸை எடுத்துக்கொள்கிறேன். வெறிநாய்க்கடி. டாக்டர்கள் ரேபிஸ் என்பார்கள். வந்துவிட்டால் பிழைக்க வைக்க இன்றைக்கும் மருந்து இல்லை. ஆனால் வராமல் தடுக்க முழுமையான வழி இருக்கிறது, அதுவும் இலவசமாக. இப்படி இரண்டு பக்கமும் தீர்மானமாக இருக்கிற நோய் வேறு அதிகம் கிடையாது.

முதலில் வைரஸ் என்றால் என்ன என்று பார்ப்போம். அது புழு இல்லை, பூச்சி இல்லை. சாப்பிடாது, மூச்சு விடாது, தானாகக் குட்டியும் போடாது. உங்களில் பல பேர் பள்ளிச் சீருடை தைக்கிறீர்கள். தைப்பதற்கு வெட்டு அட்டை வைத்திருப்பீர்கள் இல்லையா? வைரஸ் என்பது அந்த வெட்டு அட்டை மாதிரிதான். அதைச் சுற்றி ஓர் உறை, அவ்வளவே. மெஷின் கிடையாது, துணி கிடையாது, நூல் கிடையாது. வெளியே கிடந்தால் வெறும் அட்டை. நம் உடம்பில் உள்ள உயிரணு ஒன்றுக்குள் புகுந்துவிட்டால்தான் ஆட்டம். அங்கே மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, துணியும் நூலும் தயாராக இருக்கிறது. நம் வேலையை நிறுத்திவிட்டு, "என் அட்டைப்படி தை" என்று அது உட்கார்ந்துகொள்ளும். ஒன்று பல ஆகும், ஒவ்வொன்றும் அடுத்த உயிரணுவுக்குப் போய் அங்கேயும் அதே வேலையைப் பார்க்கும்.

ரேபிஸ் வைரஸின் அட்டையில் ஐந்தே ஐந்து புரதத்துக்கான குறிப்புதான் இருக்கிறது. பார்க்கத் துப்பாக்கிக் குண்டு வடிவம். ஒரு மில்லிமீட்டர் இடத்தில் நீளவாக்கில் ஐயாயிரத்தை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சின்னது. இத்தனூண்டுப் பொருள் ஓர் ஆளையே சாய்த்துவிடுகிறது.

எல்லா வைரஸும் எல்லா உயிரணுவுக்குள்ளும் போக முடியாது. ஒவ்வொன்றிடமும் ஒரு சாவி இருக்கிறது, அது எந்தப் பூட்டைத் திறக்குமோ அங்கேதான் நுழையும். சளிக்காய்ச்சல் வைரஸுக்கு மூக்கும் தொண்டையும். மஞ்சள்காமாலை வைரஸுக்குக் கல்லீரல். ரேபிஸ் வைரஸின் சாவி நரம்புக்கு.

நாய் கடித்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெறி பிடித்த நாயின் எச்சிலில் இருக்கிற வைரஸ் காயத்துக்குள் இறங்குகிறது. உடனே மூளைக்கு ஓடிவிடுவதில்லை. கடிவாயில் சதைக்குள்ளேயே சில நாள், சில வாரம்கூடத் தங்கும். பிறகு அங்கிருக்கும் நரம்பு நுனியைப் பிடித்து மேலே ஏறத் தொடங்கும். ரத்தத்தில் போனால் சில நிமிஷத்தில் உடம்பெல்லாம் சுற்றிவிடலாம். ஆனால் இது ரத்தத்தில் போவதில்லை. நரம்பு வழியாக, ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர் என்று நகரும். காலில் கடித்தால் தூரம் அதிகம், முகத்தில் கழுத்தில் கடித்தால் தூரம் குறைவு. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் நோய் தெரியும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வந்திருக்கிறது, சிலருக்கு ஒரு வருஷம் கழித்தும் வந்திருக்கிறது.

இந்த இடைப்பட்ட காலத்தில் ஆளுக்கு ஒன்றுமே இருக்காது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, காயமும் ஆறிப்போயிருக்கும். நூறு நாள் வேலைக்குப் போவார், களை எடுப்பார், குழுக் கூட்டத்துக்கு வந்து சந்தா கட்டிவிட்டுப் போவார். "பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகலை, ஊசி எதுக்கு?" என்றும் கேட்பார். நரம்புக்குள் ஒளிந்து போவதால் நம் எதிர்ப்புச் சக்திக்கும் அது கண்ணில் படுவதில்லை.

மூளைக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே வேகமாகப் பெருகுகிறது. அதன்பிறகு வேறு நரம்புகள் வழியாகக் கீழே இறங்கி எச்சில் சுரப்பிக்கு வருகிறது. இதே நேரத்தில் தொண்டைத் தசை இழுத்துக்கொண்டு விழுங்க முடியாமல் போகிறது. தண்ணீரைக் கண்டால் பயம் என்கிறோமே, அது மனசில் வருகிற பயம் இல்லை. குடிக்கப் போனால் தொண்டை இறுகி உயிர் போகிற வலி. அந்த வலிக்குப் பயந்து, டம்ளரைப் பார்த்தாலே உடம்பு உதறும். எச்சிலை விழுங்க முடியாமல் வாயில் தேங்கும், அந்த எச்சில் முழுக்க வைரஸ். நாய்க்கு மூளை கலங்கிக் கடிக்கிற வெறியும் சேர்ந்துவிடும். எச்சிலில் வந்து உட்கார்ந்து, விழுங்க விடாமல் செய்து, கடிக்கவும் வைக்கிறது. யோசனை செய்யத் தெரியாத ஒரு வெட்டு அட்டை, அடுத்த உடம்புக்குப் போக இவ்வளவு ஏற்பாடு வைத்திருக்கிறது.

எல்லா வெறிநாயும் ஓடி ஓடிக் கடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில நாய் ஒரு மூலையில் வாயைத் திறந்தபடி சோர்ந்து படுத்திருக்கும். பாவம் என்று கிட்டே போய்த் தண்ணீர் வைப்போம். மாடும் ஆடும்கூட அப்படித்தான். குழுக்கடனில் கறவை மாடு வாங்கியவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். மாடு தீனி எடுக்கவில்லை, எச்சில் ஒழுகுகிறது என்றால், தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று வாய்க்குள் கையை விட்டுப் பார்க்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கையில் சின்னக் கீறல் இருந்தால்கூட அந்த வழியாக வைரஸ் ஏறிவிடும். கையை விடாதீர்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாய் கடித்த ஆடு மாட்டுக்கும் கால்நடை மருந்தகத்தில் தொடர் ஊசி உண்டு.

நோய் மெதுவாக ஏறுவதால்தான் நமக்குப் பிழைக்க வழி கிடைத்தது. 1885 ஜூலை மாதம், பிரான்ஸ் நாட்டில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயசுப் பையனை வெறிநாய் குதறிவிட்டது. இரண்டு நாள் கழித்து அவன் அம்மா அவனைப் பாரிஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் லூயி பாஸ்டர் முன்னால் நிறுத்தினாள். அவர் டாக்டர்கூட இல்லை, விஞ்ஞானி. அதுவரை நாய்களுக்குப் போட்டுப் பார்த்த மருந்தை, டாக்டர்களைக் கொண்டு பத்து நாளில் 13 ஊசியாகப் போட வைத்தார். பையன் பிழைத்தான். வைரஸை அன்றைக்கு யாரும் கண்ணால் பார்த்தது இல்லை, அந்தக் காலத்து மைக்ராஸ்கோப்பில் அது தெரியாது. ஆனால் வைரஸ் மூளைக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் உடம்பைத் தயார் செய்துவிடலாம் என்ற கணக்கு சரியாக இருந்தது. எனக்கு அந்த அம்மாவைப் பற்றித்தான் அடிக்கடி நினைப்பு வரும். ஊரில் எத்தனை பேர் எத்தனை வைத்தியம் சொல்லியிருப்பார்கள்!

நம் பக்கம் குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிறுவனம் வந்தது. அந்தக் காலத்தில் ஆட்டு மூளையில் வளர்த்துத் தயாரித்த மருந்தைத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசியாகப் போடுவார்கள். வலி தாங்க முடியாது. அதை நிறுத்தி இருபது வருஷம் ஆகிறது. ஆனால் அந்தப் பயம் மட்டும் இன்னும் நிற்கவில்லை. பாட்டி சொல்லி அம்மா, அம்மா சொல்லிப் பிள்ளை என்று வருகிறது. "பதினாலு ஊசி போடுவாங்க" என்று பயந்தே கடித்ததை மறைக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இப்போது போடுவது கையில், அதுவும் தோலுக்குள் சின்ன ஊசி.

இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.

கடித்ததும் முதல் மருந்து உங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது. சோப்பு. குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில், சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். வைரஸின் வெளி உறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்தைச் சோப்பு எப்படி வெட்டுகிறதோ, அப்படி அந்த உறையைக் கரைத்துவிடும். உறை போனால் சாவியும் போச்சு. சும்மா இரண்டு சொம்பு ஊற்றுவது கணக்கில் வராது. பதினைந்து நிமிஷம் என்பது ஒரு சீரியல் பாதி ஓடுகிற நேரம். நம் பக்கம் மிளகாய்த்தூள், மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எல்லாம் வைத்துக் கட்டுகிறார்கள். காயம் எரிந்து புண்ணாகுமே தவிர வைரஸ் சாகாது. மந்திரித்துக் கயிறு கட்டுவதில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் நான் சண்டைக்கு வரவில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, ஊசியும் போட்டுவிட்டு அப்புறம் கட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஊசி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அன்றைக்கே போக வேண்டும். தோலுக்குள் போடுகிற முறையில் முதல் ஊசி போட்ட நாளிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். திங்கட்கிழமை முதல் ஊசி என்றால் அந்த வியாழன், அடுத்த திங்கள், பிறகு முதல் திங்களிலிருந்து சரியாக நாலு வாரம் கழித்து ஒரு திங்கள். சதையில் போடுகிற முறை என்றால் நடுவில் பதினாலாம் நாள் இன்னொன்று சேரும். காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசி போட்டு நம் உடம்பு எதிர்ப்புச் சக்தி உண்டாக்க ஒன்று இரண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் வைரஸைக் கடிவாயிலேயே மடக்கிப்போட, தயாராக உள்ள எதிர்ப்புச் சக்தியைக் காயத்தைச் சுற்றியே செலுத்துவார்கள். ஆஸ்பத்திரியில் சீரம் என்பார்கள். சில இடத்தில் இதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். "அங்க யாரு போறது" என்று திரும்பிவிடாதீர்கள். முதல் ஊசியோடு சேர்த்துப் போட வேண்டும், தவறினால் ஏழு நாளுக்குள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மார்களும் இரண்டையுமே பயமில்லாமல் போடலாம். பத்தியம் எதுவும் கிடையாது.

வளர்ப்பு நாய், குட்டி நாய், சும்மா பல் பட்டது என்றெல்லாம் விட்டுவிடக் கூடாது. "நாயைப் பத்து நாள் பாரு, செத்தாத்தான் ஊசி" என்று சொல்வதில் பாதிதான் உண்மை. எச்சிலில் வைரஸ் வந்த நாய் பத்து நாளுக்கு மேல் தாங்காது, அதனால் பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் பார்த்துக்கொண்டே ஊசியையும் தொடங்கிவிட வேண்டும். காத்திருந்தால் அந்தப் பத்து நாளை வைரஸுக்குத் தானம் கொடுத்த மாதிரி.

உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயில் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் இந்தியாவில். வெறி பிடித்ததாகச் சந்தேகப்படும் பிராணிகளிடம் கடிபடுகிறவர்களில் பத்துக்கு நாலு பேர் பதினைந்து வயசுக்குள் இருக்கிற பிள்ளைகள். பிள்ளைகள் உயரம் குறைவு, கடி முகத்தில் விழும். முகத்திலிருந்து மூளைக்கு எவ்வளவு தூரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடிக்குப் பயந்து வீட்டில் சொல்லவும் மாட்டார்கள். நாயைச் சீண்டியதற்குத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

என் அனுபவத்தில், முதல் ஊசிக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். மூன்றாவதுக்கு ஆள் குறையும். இருபத்தெட்டாம் நாள் வருகிறவர்களை எண்ணிவிடலாம். காரணம் அலட்சியம் என்று ஆபீஸில் எழுதுவார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். ஒரு நாள் கூலி போகும், பஸ் வராது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. கரும்பு வெட்டப் போன குடும்பம் நடுவில் எப்படித் திரும்பி வரும்? இதற்குத்தான் குழு இருக்கிறது. யாருக்காவது நாய்க்கடி என்றால் நாலு தேதியையும் தீர்மானப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். கூலியை யோசித்து ஒருவர் நின்றுவிட்டால் உள்கடனில் ஒரு சின்னத் தொகை கொடுக்கலாம், கூடப் போக ஓர் ஆள் அனுப்பலாம். வெளியூர் வேலைக்குப் போகிறவர் ஊசி அட்டையைக் கையோடு கொண்டு போகட்டும், அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில் மீதி ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். ஒரு தேதி தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதனால் "நாள் போச்சு, இனி போய் என்ன" என்று உட்கார்ந்துவிடக் கூடாது.

பின்வரிசையில் ஓர் அக்கா கை தூக்கினீர்கள். வெறிநாய் கடித்த மாட்டின் பாலைக் குடித்துவிட்டோம் என்றால்? காய்ச்சிய பாலில் வைரஸ் உயிரோடு இருக்காது, பயப்பட வேண்டாம். மாட்டுக்கே நோய் வந்திருந்து, பச்சையாகக் குடித்திருந்தால் டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடித்தால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டீர்கள். நல்ல கேள்வி, நாய் கிழமை பார்த்துக் கடிப்பதில்லை. கழுவுவதற்குக் கிழமை தேவையில்லை, அதை உடனே செய்யுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி அறை பூட்டியிருந்தால் இருபத்து நாலு மணி நேரமும் இயங்குகிற அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் போட்டுக் கேளுங்கள். முகத்தில் கடி, ரத்தம் நிற்கவில்லை என்றால் 108. காயத்தை இறுக்கிக் கட்டாமல், திறந்தபடியே கூட்டிக்கொண்டு போங்கள்.