நாயின் சினைமுட்டை

இத்தாலி தேசத்துப் பாதிரியாரும் இயற்கைநூல் வல்லுநருமான ஸ்பல்லான்சானி என்பவர், 1780ஆம் ஆண்டில் ஒரு பெட்டை நாயைத் தனியே அடைத்துக் காவல் வைத்தார். அது பருவமெய்தியபோது, ஆண் நாயின் விந்தைச் சிறு பீச்சாங்குழல் கொண்டு அதன் கருப்பையினுள் செலுத்தினார். 62 நாள்கள் கழித்து அது 3 குட்டிகளை ஈன்றது. பாலூட்டும் பிராணிகளைச் செயற்கை முறையில் சினைப்படுத்திய வரலாறு இவ்வாறு நாயிலிருந்தே தொடங்குகிறது எனலாம்.

அத்தகைய நாயினம் அடுத்த படியில் மிகவும் பின்தங்கிவிட்டது. கண்ணாடிக் கலத்தில் கருவுற்ற மனிதக் குழந்தை 1978இல் இங்கிலாந்தில் பிறந்தது. நம் நாட்டில், கர்னாலிலுள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில், 1990இல் எருமைக் கன்று ஒன்று அம்முறையிலேயே பிறந்தது. நாய்க்குட்டிகளோ 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காரணம் யாது?

சினைமுட்டை விந்தணுவை ஏற்குமுன் தன் குரோமோசோம்களில் பாதியை விலக்கிப் பக்குவமடைய வேண்டும். அகராதிகள் இதனை ‘முதிர்ச்சி’ என்று பெயர்க்கும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, அடுக்களையில் வழங்கும் ‘பக்குவம்’ என்ற சொல்லே பொருத்தமாகப் படுகிறது. காலம், வெம்மை, சேர்மானம் ஆகிய மூன்றும் ஒத்து வந்தாலன்றி நிறைவேறாத காரியமல்லவா இது!

பசு, எருமை, மனிதர் முதலிய பெரும்பாலான இனங்களில் முட்டை சினைப்பையிலேயே பக்குவமாகி வெளிவருகின்றது. நாயின் முட்டையோ பச்சையாகவே வெளிப்பட்டு, சினைக்குழலினுள் இரண்டு மூன்று நாள் தங்கிய பின்னரே பக்குவமடைகிறது. அக்குழல் அந்நாள்களில் முட்டைக்கு என்னென்ன அளிக்கின்றது என்பதுதான் பூட்டப்பட்ட பெட்டியாக இருக்கின்றது.

முயலின் முட்டையைச் சினைப்பையினின்று பிரித்தெடுத்தால் அது வெளியிலும் தானே பக்குவமடையும் என்று பிங்கஸ், என்ஸ்மான் என்னும் இருவர் 1935இல் கண்டறிந்தனர். இன்று இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் எருமைச் சினைப்பையிலிருந்து முட்டைகளை எடுத்து, ஊட்டநீரில் உடற்சூட்டிலேயே ஏறத்தாழ ஒரு நாள் வைத்தால் அவற்றுள் பெரும்பங்கு தேறிவிடும். நாயின் முட்டைகளை அவ்வாறு வைத்த ஆய்வுகள் பலவற்றில் நூற்றுக்கு இருபதுகூடத் தேறவில்லை. மேலும் அம்முட்டை கொழுப்பு மிகுந்து கருத்திருப்பதால், உட்கருவை நுண்நோக்காடியில் காண்பதே அரிது. பெட்டை நாயோ ஆண்டிற்கு ஓரிரு முறைதான் பருவத்திற்கு வரும். ஏனைய காலங்களில் எடுத்த முட்டைகள் பெரும்பாலும் முழு வளர்ச்சி பெறாதவை.

2005இல் தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தார் நாயைப் படியெடுத்துப் பிறப்பித்தபோதும், 2015இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 19 கருக்களைத் தாய்நாயின் வயிற்றில் வைத்து 7 குட்டிகளைப் பெற்றபோதும், நாயின் உடலிலேயே பக்குவமடைந்த முட்டைகளையே எடுத்துக்கொண்டனர். கார்னெலில் முட்டையைச் சில நாள் குழலிலேயே விட்டுவைத்ததும் வெற்றிக்கு ஒரு காரணம். பூட்டைத் திறக்காமல் சுற்றிச் சென்ற வழி இது.

தெருவெங்கும் நாய் திரியும் நாட்டில் குட்டி பிறப்பிக்க இத்தனை பாடா என நேயர்கள் நகைக்கலாம். நகரசபைகள் கருத்தடை செய்தும் தீராத தொல்லை அது. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த செந்நாய் நம் காடுகளில் அருகி வருகின்றது. எத்தியோப்பிய மலைகளின் ஓநாய் சில நூறுகளே எஞ்சியுள்ளது. அமெரிக்கச் செவ்வோநாயின் நிலை அதனினும் மோசம். இவற்றுள் ஒரு பெட்டை விபத்திலோ நோயிலோ மடியுமாயின், அதன் சினைப்பையிலுள்ள ஆயிரக்கணக்கான முட்டைகளும் உடன் மண்ணாகின்றன. சினைப்பைத் துண்டுகளைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் காக்க இயலும். எனினும் உடலுக்கு வெளியே பக்குவப்படுத்தும் வித்தை கைவராதவரை அது பூட்டிவைத்த விதைநெல்லே. இறந்த விலங்கிடம் சுற்றுவழி செல்லாது.

இந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய சினைப்பைகள் பெரும்பாலும் வளர்ப்பு நாய், தெரு நாய்களின் கருத்தடை அறுவையில் நீக்கப்படுபவை. கழிவாக எறியப்படுவதைக் கொண்டு செந்நாயின் வம்சத்திற்கு வழி தேடுகிறார்கள். சினைக்குழலின் உயிரணுக்களை முட்டைகளோடு சேர்த்து வளர்க்கின்றனர். அக்குழல் சுரக்கும் நீரை ஊட்டத்தில் கலக்கின்றனர். சிலர் முட்டையின் பிரிவைச் சிறிது நேரம் தடுத்து வைத்துப் பின்னர் விடுகின்றனர். எருமைக்கு ஒரு நாள் போதுமென்றால், இங்கே 72 மணி நேரம் வரை காத்திருக்கின்றனர். நான்காம் நாள் காலையில் கலத்தைத் திறந்து பார்க்கும்போது, முட்டைகளிற் பல இன்னும் பச்சையாகவே இருக்கின்றன.