கண்காட்சியும் கொழுந்துக் கூடையும்

பழம்பொருள்களைத் திரட்டி ஓர் அறையிற் பரப்பிவிட்டால், அது களஞ்சியமாகுமேயன்றிக் கண்காட்சி ஆகாது. கண்காட்சிக்கு ஒரு கருத்து வேண்டும். அரும்பொருட் காப்பாளர், பேழைகளை அமைக்குமுன், "இங்கு வருவோர் எதனை அறிந்து செல்ல வேண்டும்?" என்னும் வினாவுக்கு ஒரே வாக்கியத்தில் விடை எழுதிக்கொள்கிறார். எதனை வைப்பது, எதனை விடுவது என்பதெல்லாம் அவ்வாக்கியத்தைப் பொறுத்தனவே.

ஊவாத் தோட்டங்களை நோக்கின் இதன் அருமை புலனாகும். 1890ஆம் ஆண்டில் தாமஸ் லிப்டன் தம்பேத்தன்னையில் தேயிலைத் தொழிற்சாலையை நிறுவினார். 1921இல் தெமோதரையில் ஒன்பது வளைவுப் பாலம் எழுந்தது. 1924இல் புகைவண்டி பதுளையை அடைந்தது. இவற்றை மட்டும் கொண்டு காட்சி அமைத்தால் அது துரைமாரின் வெற்றிக் கதையாகிவிடும். கொழுந்து பறித்த கைகளுக்கு அதில் இடமிராது.

இலங்கையிலேயே இதற்குச் சான்றுகள் உள. கண்டிக்கு அருகே ஹந்தானையில், 1925இல் கட்டிய தொழிற்சாலையொன்றில், 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அரும்பொருட்காட்சிச்சாலை இயந்திரங்களை முதன்மையாகக் காட்டுகிறது. கம்பளைப் பகுதியில், ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், 2007இல் தோன்றிய தொழிலாளர் அரும்பொருட்காட்சிச்சாலையோ, பழைய லயத்தையே கூடமாக்கி, அங்கு வாழ்ந்தோரின் புழங்குபொருள்களைக் காட்டுகிறது. தேயிலை ஒன்றே, வினா வேறு, ஆதலின் காட்சியும் வேறு.

ஊவாத் தொழிலாளர் வாழ்வைக் காட்ட முற்படும் காப்பாளர், ஒரு நாளின் ஒழுங்கையே பார்வையாளர் நடக்கும் வழியாக்கலாம். வாயிலில் விடியற்காலைப் பிரட்டுக்களம். அடுத்து, மலையில் கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, படங்கு, கம்பளி. பின்னர்க் கொழுந்து நிறுக்கும் தராசும் செக்ரோலும். இறுதியில் லயத்து அடுப்பும் காமன் கூத்தின் தப்பும்.

தராசின் அருகே 'துண்டு' ஒன்று இடம் பெறல் வேண்டும். கடனைச் செலுத்தினால் தொழிலாளியை விடுவிப்பதாகத் தோட்டம் எழுதித் தந்த சீட்டு அது. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தனியே வைத்தால் அது ஒரு பழந்தாள். தராசுக்கும் செக்ரோலுக்கும் இடையே வைத்தாலோ, உழைப்பு கடனாய்ப் போன கதையை அது சொல்லும்.

பொருளைப் பேணுவதும் காப்பாளர் கடனே. தாளுக்கும் துணிக்கும் 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியே ஏற்றது. மலைநாட்டு மூடுபனியின் ஈரம் பூஞ்சணத்தை வளர்க்குமாதலால், பேழைக்குள் ஈரத்தை அளந்துவரல் வேண்டும். இரவல் பெற்ற பொருளுக்கு எழுத்து மூலம் சீட்டுக் கொடுத்தல் வேண்டும். விளக்க அட்டை, சிறுவனும் எட்டி வாசிக்கும் உயரத்தில், தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் இருத்தல் நன்று. "மூங்கிற் கூடை" என்று எழுதினாற் போதாது. அதனை யார் சுமந்தார், எவ்வாறு சுமந்தார் என்பதும் அதில் வேண்டும்.

இப்பணியைத் தள்ளிப்போடல் தகாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அத்தகையோர் குடும்பத்தில் ஒரு பழைய பிறப்புச் சான்று, உரிமைக்கே ஆதாரமாகக் காக்கப்பட்ட பொருள். 2014 அக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உயிர்களோடு அவ்வீடுகளில் இருந்தவையும் மண்ணுள் மறைந்தன. அவற்றுக்குப் பட்டியல் இருந்திருப்பின் நினைவேனும் எஞ்சியிருக்கும்.

ஆகவே, கண்காட்சியின் முதல் வேலை கட்டடம் எழுப்புவதன்று. ஒரு குறிப்பேட்டுடன் லயத்துக்குச் சென்று, பரணில் கிடக்கும் கூடையின் வரலாற்றை மூதாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்வதே. அது பள்ளி மாணவரும் செய்யத்தக்க தொண்டு.