ஒரு ஜப்பானியப் பாட்டு

குதூகலமான மெட்டுக்கள் பல ஓராண்டில் வாடிவிடுகின்றன. 1961-ல் க்யூ சாகமோட்டோ என்னும் இளைஞர் பாடிய ஜப்பானியப் பாட்டு மட்டும் ஏன் வாடவில்லை என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அதன் பெயருக்கு, மேல்நோக்கி நடப்போம் என்பது பொருள். மேனாட்டு வணிகர்களோ, வாயில் எளிதில் நுழையட்டுமென்று ‘சுகியாகி’ எனப் பெயரிட்டனர். அது ஒரு மாட்டிறைச்சி உணவின் பெயர்! பாட்டிலோ உணவும் இல்லை, விருந்தும் இல்லை. ஆயினும் 1963 ஜூன் மாதத்தில் மூன்று வாரம் அமெரிக்கப் பாடல் வரிசையில் அதுவே முதலிடம் பெற்றது. போர் முடிந்து 18 ஆண்டுகள்கூட நிறையவில்லை. அன்றைய பகைவரின் மொழியிலேயே அமெரிக்க இல்லங்கள் அதனைக் கேட்டு மகிழ்ந்தன.

இசையமைத்தவர் ஹச்சிதாய் நாகமுரா. சொற்கள் ரோகுசுகே எய் என்பவருடையவை. 1960-ல் அமெரிக்க ராணுவ உடன்படிக்கையை எதிர்த்த கிளர்ச்சி பயனற்றுப்போன ஏமாற்றத்தில் பிறந்தவை. தனியே நடக்கும் ஒருவன் கண்ணீரை அடக்குகிறான். மெட்டோ அதைக் காட்டிக்கொள்ளாமல் துள்ளிச் செல்கிறது. முடிவில் சொற்கள் நின்றுவிடச் சீழ்க்கை ஒலி மட்டும் தொடர்கிறது. அழுதுகொண்டே சீழ்க்கையடிக்க எவராலும் இயலாதல்லவா? பொருள் அறியாதபோதும் அப்பாட்டு எனக்கு இனித்தது. அறிந்தபின் அந்தச் சீழ்க்கைக்காகவே காத்திருக்கிறேன்.