உலாவியின் நினைவகப் பழுது
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வலை உலாவி என்பது அந்நியர் அனுப்பும் பொதிகளை நமது வீட்டினுள்ளே வைத்துப் பிரிக்கும் வேலையாள். வந்த எழுத்தையும் படத்தையும் கணினியின் நினைவகத்திலே இடம் ஒதுக்கி அது வைக்கின்றது. அந்த இடக்கணக்குப் பிழைத்தால் நேர்வதையே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

2023 செப்டெம்பரில் நடந்ததைக் கேளுங்கள். ‘வெப்பி’ என்பது கூகிள் நிறுவனம் 2010 இல் வெளியிட்ட பட வடிவம். சுருக்கி அனுப்பப்பட்ட படத்தை விரிப்பதற்கு உலாவி முதலில் ஒரு குறியீட்டு அட்டவணையை நினைவகத்தில் அமைத்தல் வேண்டும். ஒழுங்கான படத்துக்கு அவ்வட்டவணை எவ்வளவு பெருக்குமென முன்னரே கணித்து, அவ்வளவு இடமே ஒதுக்கியிருந்தார்கள். ஒழுங்கற்ற படமொன்றை ஒருவன் வேண்டுமென்றே செய்தனுப்பினால்? அட்டவணை தன் எல்லையைக் கடந்து அயலிடத்திலே எழுதிவிடும். பத்து மூட்டை கொள்ளும் அறைக்குப் பதினோராவது மூட்டை வந்தால், அதை அடுத்த அறைக்காரனின் பெட்டகத்தின் மேலே போட்டாற் போலத்தான். அயலில் இருந்தது உலாவி அடுத்துச் செய்யவேண்டிய வேலையின் முகவரியாயின், அது அந்நியன் சொற்படி நடக்கத் தொடங்கும். நாம் எதனையும் அழுத்த வேண்டியதில்லை. படம் தோன்றினாலே போதும். (முன்வரிசையில் ஓரன்பர் தமது தொலைபேசியை எடுத்துப் பார்க்கிறார். பார்க்கட்டும்.)

ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவும், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துச் சிற்றிசன் லாப் என்னும் ஆய்வகமும் அம்மாதம் 6 ஆந் திகதி இதனைக் கூகிளுக்கு அறிவித்தன. 11 இல் குறோமுக்கும் மறுநாள் பயர்பொக்ஸுக்கும் திருத்தம் வந்தது. அதற்கு முன்னரே தீயோர் இதற்கு வழிகண்டுவிட்டனர் என்பதைக் கூகிளே தெரிவித்தது.

இன்னொரு வகையும் உண்டு. மடத்து அறையை விட்டுப் போனவனிடம் சாவி தங்கிவிடுகிறது. அறை வேறொருவனுக்குக் கொடுபட்ட பின்னும் அவன் வந்து திறந்து, உள்ளிருப்பது தன் பொருளென்றே எடுத்தாளுகிறான். 2010 ஜனவரியில், கூகிள் முதலிய நிறுவனங்கள் தாக்கப்பட்ட செய்தி வெளியானபோது, இன்ரர்நெற் எக்ஸ்புளோரரில் அகப்பட்டது இத்தகைய பிழையே. அவ்வுலாவியைத் தவிர்க்கும்படி ஜேர்மன் அரசின் தகவற் பாதுகாப்பு அலுவலகம் மக்களுக்குச் சொல்லிற்று.

இவற்றை எழுதியோர் மூடரா? அல்லர். 1970களில் டெனிஸ் றிச்சி ஆக்கிய ‘சி’ மொழியும், அதன் வழிவந்த ‘சி பிளஸ் பிளஸ்’ மொழியும் மிக்க வேகமுடையன. ஆனால் இடக்கணக்கை எழுதுவோன் தலையிலே சுமத்துவன. குறோமின் அடித்தளமாகிய குறோமியத்தில், கடுமையான பாதுகாப்புப் பிழைகளுள் ஏறக்குறைய 70 வீதம் நினைவகப் பிழைகளே என்று 2020 இல் அத்திட்டத்தாரே வெளியிட்டனர். அவற்றுட் பாதி பழைய சாவி வகை. கெட்டிக்காரர் கூடிய இடத்திலேயே கணக்கு இவ்வாறாயின், குற்றம் ஆளிடத்தன்று, கருவியிடத்தே என்பது எமது துணிபு.

மொசில்லாவில் வளர்ந்து 2015 இல் முதற் பதிப்புக் கண்ட ‘றஸ்ற்’ மொழி, நிரல் ஓடுமுன்னரே இடக்கணக்கைத் தானே பரிசோதிக்கின்றது. 2017 இல் பயர்பொக்ஸின் ஒரு முக்கிய பகுதி அம்மொழியில் மாற்றி எழுதப்பட்டது. கோடிக்கணக்கான வரிகளையும் அப்படி மாற்றுவது எளிதன்று. ஆகவே திருத்தங்கள் வந்துகொண்டேயிருக்கும். வந்தவுடன் ஏற்றிக்கொள்வதே நமது பங்கு.

அத்திருத்தங்களும் எல்லார் வீட்டுக்கும் வருவதில்லை. விண்டோஸ் 7 கணினிகளுக்குக் குறோமின் ஆதரவு 2023 தொடக்கத்தில் நின்றது. அண்ணன் பாவித்துக் கழித்த தொலைபேசியிலே தம்பி படிக்கும் வீடுகளில், அத்தொலைபேசிக்குத் திருத்தம் இன்னும் வருகின்றதா என்பதை இன்றிரவே பாருங்கள்.