சீன விருந்தாளியிடம் எதைக் கேட்பது?

(பொம்மசந்திராவில் நடந்த உறுப்பினர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று உங்களில் பலர் மெட்ரோவில் வந்திருப்பீர்கள். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள். 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பிரதமர் தொடங்கி வைத்த மஞ்சள் வழித்தடம் இது. இதன் ரயில்களுக்கு 2019-ல் ஒப்பந்தம் பெற்றது சீன அரசு நிறுவனமான சி.ஆர்.ஆர்.சி. முதல் ரயில் சீனாவில் தயாராகி, கப்பலில் சென்னைத் துறைமுகம் வந்து, 2024 பிப்ரவரியில் சாலை வழியே ஹெப்பகோடி பணிமனையை அடைந்தது. அடுத்தடுத்த ரயில்களை அதன் இந்தியக் கூட்டாளியான டிட்டாகர் நிறுவனம் மேற்கு வங்காள ஆலையில் தயாரித்தது. ரயில் கடைசியாக வந்து நிற்கும் நிலையத்தின் பெயரோ 'டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் பொம்மசந்திரா'. டெல்டா ஒரு தைவான் நிறுவனம்! சீன ரயிலுக்கும் தைவான் பெயர்ப் பலகைக்கும் ஒரு சங்கடமும் இல்லை. மனிதர்கள் எதிரெதிரே உட்காரும்போதுதான் சங்கடம் வருகிறது.

நம் குடும்பங்களில் சீனரோடு பழகாத பிள்ளைகள் இப்போது குறைவு. சிங்கப்பூரில் பக்கத்து வீட்டுக்காரர், அமெரிக்காவில் உடன் ஆராய்ச்சி செய்பவர், இங்கே இயந்திரம் நிறுவ வரும் பொறியாளர் என்று எங்கும் இருக்கிறார்கள். அவர்களோடு எதைப் பேசலாம், எதை எப்படிப் பேசலாம் என்பதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

2019 நவராத்திரி. என் மாப்பிள்ளை இந்தத் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் வேலை பார்த்துவந்தார். அங்கே புது இயந்திரம் நிறுவச் சீனாவிலிருந்து இருவர் வந்திருந்தார்கள். ஒருவர் ஐம்பதைக் கடந்த மேலதிகாரி. மற்றவர் முப்பது வயது இளைஞர், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். அக்டோபர் 1 அவர்களுடைய தேசிய தினம். அந்த ஆண்டு மக்கள் சீனக் குடியரசுக்கு 70 வயது. அன்றைக்கு அவர்கள் ஓட்டல் அறையில் தனியாக இருக்க வேண்டாமே என்று என் பெண் கொலுவுக்கு அழைத்திருந்தாள். செட்டியார் பொம்மையையும் தஞ்சாவூர்த் தலையாட்டியையும் இருவரும் குழந்தைகள் மாதிரி ரசித்தார்கள். புளியோதரையும் சுண்டலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "1989-ல் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர்களுக்கு என்ன நடந்தது என்று உங்கள் ஊரில் பேசிக்கொள்வது உண்டா?" என்று கேட்டேன். இளைஞர் மேலதிகாரியைப் பார்த்தார். மேலதிகாரி தட்டைப் பார்த்தார். "எனக்குச் சரித்திரம் அவ்வளவாகத் தெரியாது" என்றார் இளைஞர். நான் விடவில்லை. திபெத்துக்குப் போனேன். தலாய் லாமாவுக்கும் போனேன்.

மேலதிகாரி சிரித்துக்கொண்டே சீன மொழியில் ஏதோ சொன்னார். இளைஞர் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். "உங்கள் தாத்தா காலத்தில், எல்லா ஜாதிக்காரரும் இப்படி உள்ளே வந்து உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்க முடியுமா என்று கேட்கிறார்." பன்னிரண்டு வயதுப் பேரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வேத காலம், வெள்ளைக்காரன் சூழ்ச்சி, இன்றைய இட ஒதுக்கீடு என்று பத்து நிமிஷம் பேசினேன். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

வாசல் கேட் வரை வழியனுப்பப் போனேன். மேலதிகாரி காரில் ஏறியதும் இளைஞர் ஒரு நிமிஷம் பின்தங்கினார். மாப்பிள்ளை கூப்பிடுவதைக் கேட்டு அவரும் என்னை 'மாமா' என்றுதான் கூப்பிடுவார். "மாமா, நீங்கள் கேட்டதில் தப்பில்லை. அவர் இருக்கும்போது கேட்டுவிட்டீர்கள். நான் என்ன பதில் சொன்னாலும் அது என் கூடவே ஊருக்கு வரும்" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அல்லவா? 1975-ல் அவசர நிலை வந்தபோது நான் சர்வீஸில் புதிது. அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி அரசின் கொள்கையைப் பொதுவில் விமர்சிக்கக் கூடாது. அந்த நாட்களில் ஒரு வெளிநாட்டுக்காரர், என் மேலதிகாரி பக்கத்தில் இருக்க, "உங்கள் தலைவர்களை ஏன் சிறையில் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? "எனக்கு அரசியல் அவ்வளவாகத் தெரியாது" என்றுதான். எங்களுக்கு அது 21 மாதங்களில் முடிந்தது. அவருக்கு அது வாழ்நாள் முழுக்க.

பௌதிகம் படித்தவன் என்ற முறையில் ஓர் உதாரணம். ஒரு கரண்டி வெந்நீரில் பெரிய தெர்மாமீட்டரை விட்டால், அந்தத் தெர்மாமீட்டரே நீரின் சூட்டை உறிஞ்சிவிடும். அது காட்டும் அளவு உண்மையான சூடு அல்ல. நாலு பேர் நடுவே கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலும் அப்படிப்பட்டதுதான்.

அடுத்த ஞாயிறு இளைஞர் தனியாக வந்தார். குடியிருப்புப் பூங்காவில் நடந்தோம். நான் அரசாங்கத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நமக்குப் பிடித்த விஷயம் பரீட்சை. "உங்கள் அப்பா என்ன படித்தார்?" என்று மட்டும் கேட்டேன்.

அதற்கு ஒரு மணி நேரம் பதில் வந்தது. கலாசாரப் புரட்சியில் 1966-ல் நின்றுபோன பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு 1977-ல்தான் திரும்ப வந்தது. சுமார் 57 லட்சம் பேர் எழுதி, 2.7 லட்சம் பேருக்குத்தான் இடம். அதுவரை கிராமத்து வயலில் வேலை செய்துகொண்டிருந்த அவருடைய அப்பா அந்த வருஷம் எழுதித் தோற்று, அடுத்த வருஷம் ஜெயித்தாராம். தாத்தாவின் தம்பி 1960 பஞ்சத்தில் போனதையும் அவரே சொன்னார். 1959 முதல் 1961 வரை கோடிக்கணக்கானோர் மாண்ட பஞ்சம் அது. இது எதையும் நான் கேட்கவில்லை.

பிறகு என் கதையைச் சொன்னேன். 1962 யுத்தத்தின்போது எனக்குப் பள்ளிக்கூட வயது. என் அம்மா கையிலிருந்த ஒரு ஜோடி வளையலைக் கழற்றித் தேசியப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் கண்ணாடி வளையல்தான் போட்டுக்கொண்டாள். இளைஞர் நின்றுவிட்டார். இந்தியாவோடு யுத்தம் நடந்தது தமக்கு அரைகுறையாகத்தான் தெரியும் என்றார். நமக்கு ஆறாத ரணம். அவருக்குப் பள்ளியில் யாரும் அதை அழுத்திச் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை.

பதிலுக்கு அவர் கேட்டார்: "சான்யுவான்லி தெரியுமா?" எனக்குத் தெரியாது. பிறகு தேடிப் படித்தேன். 1841 மே மாதம், அபினி யுத்தத்தின்போது, குவாங்சோ நகருக்கு வெளியே ஆங்கிலேயப் படையைக் கிராமத்தார் எதிர்த்த இடம் அது. கொட்டுகிற மழையில் துப்பாக்கிகள் வெடிக்காமல் நடுவில் மாட்டிக்கொண்டது 37-ஆவது மதராஸ் பட்டாளத்தின் ஒரு பிரிவு. நம் ஊர்ச் சிப்பாய்கள்! அங்கே கப்பல் கப்பலாகப் போன அபினியும் வங்காளத்திலும் மாளவத்திலும் விளைந்ததுதான். நாம் ஒரு பத்தியில் படித்து மறந்த அபினி யுத்தத்திலிருந்துதான் அவர்கள் தங்கள் நவீன சரித்திரத்தையே தொடங்குகிறார்கள். அந்நியனிடம் அவமானப்பட்டோம் என்ற நினைப்பு அங்கிருந்து வருகிறது. அந்நியன் ஒருவன் திபெத், தைவான் என்று ஆரம்பித்தாலே முகம் மாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே வாரம், 11-ஆம் தேதி, மாமல்லபுரத்தில் நம் பிரதமர் சீன அதிபருக்கு அர்ஜுனன் தபசைக் காட்டினார். எட்டு மாதம் கழித்து, 2020 ஜூன் 15 இரவு, கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் 20 பேர் உயிர் நீத்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. தன் தரப்பில் 4 பேர் இறந்ததாகச் சீனா ஒப்புக்கொண்டது 2021 பிப்ரவரியில்தான்.

அந்த வாரம் இளைஞரிடமிருந்து வீசாட்டில் ஒரு செய்தி வந்தது. "மாமா, எல்லாரும் சௌக்கியமா? கொரோனா, ஜாக்கிரதை." கல்வானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. நீளமாக ஒரு பதில் தட்டினேன். அனுப்பாமல் அழித்தேன். "சௌக்கியம். எங்கள் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். மனசு சரியில்லை" என்று மட்டும் அனுப்பினேன். பதிலாக ஒரு படம் வந்தது. அன்று எங்கள் வீட்டில் அவர் எடுத்த கொலுப் படம். ஜூன் 29-ஆம் தேதி அரசு தடை செய்த 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று. அதோடு தொடர்பு அறுந்தது.

அனுபவத்தில் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று. கேள்வி கேட்பது நாம், விலை கொடுப்பது அவர். ஆகவே நாலு பேர் நடுவே கேட்க வேண்டாம். எழுத்தில், முக்கியமாகக் கைப்பேசியில், கேட்கவே வேண்டாம்.

இரண்டு. கூர்க் அழைத்துப் போகும் வழியில் பைலகுப்பே திபெத்தியர் குடியிருப்பில் இறங்குவது நமக்கு வழக்கம். சீன விருந்தாளியை முதலிலேயே கேட்டுவிடுங்கள். தலாய் லாமா படத்துக்குப் பக்கத்தில் அவரை நிறுத்திப் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

மூன்று. முகஜாடையை வைத்துச் சீனர் என்று முடிவு செய்ய வேண்டாம். தைவான்காரர் பலருக்கு அப்படி அழைப்பது பிடிக்காது. 'எந்த ஊர்?' என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நான்கு. அவருடைய அரசாங்கத்தைக் கேட்காமல் அவருடைய அப்பா அம்மாவைக் கேளுங்கள். அரசியல் தானாக வரும். வராவிட்டாலும் நஷ்டமில்லை.

ஐந்து. மரியாதை என்பதற்காக நம் நிலையை விட்டுக்கொடுக்க வேண்டாம். அருணாசலப் பிரதேசத்தைத் தங்களுடையது என்று ஒருவர் சொன்னால், "அது இந்தியா" என்று குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். வாதத்தில் ஜெயித்து எல்லைக் கோடு நகரப் போவதில்லை.

ஆறு. நம்மைக் கேட்டால் நேராகப் பதில் சொல்லப் பழகுவோம். 1962 யுத்தத்தை ஒட்டி, இந்தியாவிலேயே வாழ்ந்துவந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தோம். சிலர் 1967 வரை இருந்தார்கள். நம் புத்தகத்திலும் விட்டுப்போன பக்கங்கள் உண்டு.

2025-ல் கைலாச யாத்திரை திரும்பவும் தொடங்கியது. சீனருக்குச் சுற்றுலா விசா ஜூலையிலும், நேரடி விமானம் அக்டோபரிலும் திரும்பின. இந்தத் தொழிற்பேட்டைக்கும் அவர்கள் மறுபடி வருவார்கள். நம் வீட்டுக் கொலுவுக்கும் யாராவது வரலாம்.

கடைசியாக ஒன்று. என் பேரன் இப்போது காலேஜில் படிக்கிறான். போன நவராத்திரியில் கொலுப்படி அடுக்கும்போது கேட்டான். "தாத்தா, அன்னிக்கு அந்த சைனாக்காரர் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே?"

"முடியாதுடா. எங்க தாத்தா காலத்துல உள்ளே வந்திருக்க முடியாது. அதுதான் பதில்" என்றேன்.

அன்றைக்கே இந்தப் பதிலைச் சொல்லியிருந்தால், என் கேள்விக்கும் அவர்கள் வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பார்களோ என்னவோ.