முடி கொட்டும் நாய்

வீட்டு நாய்க்கு முடி கொட்டினால், மெக்கானிக் கடையில் கழிவு ஆயில் வாங்கித் தடவச் சொல்ல யாராவது ஒருவர் வந்துவிடுவார். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். நாய் தன் உடம்பை நக்கும் பிராணி. தடவியது வயிற்றுக்குள் போகும். புண்பட்ட தோலும் இன்னும் எரியும். நோவில் இருக்கும் வாயில்லா ஜீவனுக்கு இது கொடுமை.

முடி ஏன் கொட்டுகிறது என்று தெரிய, முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: நாய் சொறிந்துகொள்கிறதா?

இரவெல்லாம் தூங்காமல் சொறிந்தால், காது ஓரமும் முழங்கையும் முடியுதிர்ந்து பொருக்குத் தட்டியிருந்தால், சார்காப்டிஸ் என்ற நுண்ணிய உண்ணியாக இருக்கலாம். தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவது அது. காது மடலின் விளிம்பைத் தேய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் பின்னங்கால் தானாகவே சொறிய எழும். இது மற்ற நாய்களுக்கு வேகமாகத் தொற்றும். நமக்கும் அரிப்பு தரும், ஆனால் நம் தோலில் நிலைத்து வாழாது.

குட்டி நாய்க்கு, அரிப்பே இல்லாமல், கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் திட்டுத்திட்டாக முடி போகிறதா? அது டெமோடெக்ஸாக இருக்கலாம். பிறந்த சில நாட்களில், பால் குடிக்கும்போதே தாயிடமிருந்து ஒட்டிக்கொள்ளும் உண்ணி இது. நலமான நாயிலும் கொஞ்சம் இருக்கும். எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால் பெருகிவிடும். நம்மைத் தொற்றாது. ஓரிரு திட்டுகள் என்றால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஆனால் உடம்பெங்கும் பரவினால் சீழ் பிடித்துப் பெரும் அவதியாகும். இதற்குப் போய் ஸ்டீராய்டு ஊசி போட்டால் நோய் முற்றும். 'ஏதாவது ஒரு ஊசி போடுங்கள்' என்று மருத்துவரை அவசரப்படுத்த வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வட்ட வட்டமாக உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம், குழந்தைகளுக்கும் ஒட்டும். வாலடியில் கடித்துக் கடித்து முடி போனால் தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள். நடுவயது நாய்க்கு இரு விலாவிலும் ஒரேபோல் முடி போய், உடம்பும் பெருத்து, சோர்ந்தே கிடந்தால் தைராய்டுக் குறையா என்று இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

உண்ணியைக் கண்டுபிடிக்க, மருத்துவர் தோலைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். சார்காப்டிஸ் பல முறை கண்ணில் படாது. அறிகுறியை நம்பியே மருந்து கொடுப்பதும் உண்டு. ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் போன்ற மாத்திரைகள் இன்று நல்ல பலன் தருகின்றன. நாய்க்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐவர்மெக்டினை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்; கோலி போன்ற இனங்களில் அது மூளையைத் தாக்கி உயிரையே எடுக்கக்கூடும்.

முடி முளைத்ததும் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். டெமோடெக்ஸுக்கு அது போதாது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை சுரண்டிப் பார்த்து, இரண்டிலும் உண்ணி இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை மருந்து தொடரட்டும்.