ஆஸ்ட்ரோ தட்டு பார்க்கும் திசையில்

ஜார்ஜ்டவுனில் ஏதாவது ஒரு வீட்டு ஆஸ்ட்ரோ தட்டை நின்று கவனியுங்கள். நன்றாக அண்ணாந்து வானம் பார்த்திருக்கும். அது பார்க்கும் மெயாசாட் செயற்கைக்கோள்கள் நம் உச்சிக்குச் சற்றே மேற்கில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் நமக்கு அசையாமல் நிற்பதுபோல் தெரிகின்றன.

அவ்வளவு தூரத்தில் இருப்பவற்றைக் கண்காணிக்க ரேடார் சரிப்பட்டு வருவதில்லை. அதன் அலை போகும்போதும் நலிகிறது, திரும்பும்போதும் நலிகிறது. தொலைநோக்கிக்கு வெளிச்சத்தைச் சூரியனே தந்துவிடுகிறது, ஒருவழிப் பயணம்தான். அதனால் அந்த உயரத்தைப் பெரும்பாலும் தொலைநோக்கிகளே காவல் காக்கின்றன.

அந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். வழக்கமாகத் தொலைநோக்கியை ஒரு மோட்டார் மெல்லத் திருப்பி, விண்மீன்களைப் பின்தொடர வைக்கும். அதை நிறுத்திவிட்டுக் கேமராவைச் சில விநாடிகள் திறந்து வைப்பார்கள். படத்தில் விண்மீன்கள் எல்லாம் சிறு கோடுகளாக இழுபட்டிருக்கும். அவற்றுக்கு நடுவே இழுபடாத ஒரு புள்ளி இருந்தால், அதுதான் செயற்கைக்கோள். அந்தப் புள்ளி கூடியும் குறைந்தும் மினுக்கினால், பெரும்பாலும் அது கட்டுப்பாடிழந்து உருள்கிறது என்று பொருள்.

2021 ஜூன் 21 உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். மெயாசாட்-3 பழுதாகி, தொலைக்காட்சி ஒளிபரப்பு தடைபட்டது. அலைவரிசைகளை வேறு செயற்கைக்கோள்களுக்கு மாற்றினார்கள். 2006 டிசம்பரில் மேலே போன அந்தச் செயற்கைக்கோள் தன் இடத்தைவிட்டு நழுவியது. வழிதவறிய ஒன்று அக்கம்பக்கத்துச் செயற்கைக்கோள்களை நெருங்கலாம். அது எங்கே போகிறது என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தாழ்வான பாதையிலும் நம்முடையது ஒன்று உண்டு. 2009 ஜூலையில் ஏவப்பட்ட ரசாக்சாட். மலேசியாவை அடிக்கடி படம் எடுக்க வேண்டும் என்பதற்காகவே, நிலநடுக்கோட்டை ஒட்டி வெறும் 9 பாகைச் சாய்வில் அதைச் சுற்றவிட்டார்கள். ஏறத்தாழ ஓராண்டில் அது செயலிழந்தது. சுமார் 180 கிலோ எடை. அதை விட்ட 685 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிக மெலிது, கீழே இழுத்துவரப் பல பத்தாண்டுகள் ஆகும். அந்த எடையும் இப்போது விண்வெளிக் குப்பைக் கணக்கில்தான் சேரும்.

1957இல் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்தபோது, கடிகாரமும் சிறு தொலைநோக்கியுமாகக் காத்திருந்து அதைக் குறித்துக் கொடுத்தவர்களில் சாதாரண மக்களும் உண்டு. நீங்களும் தொடங்கலாம். மழை இல்லாத மாலையில், இருட்டத் தொடங்கியதும் பாடாங் கோத்தா கடற்கரைக்குப் போங்கள். விளக்குகளுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். மினுக்காமல், சத்தமில்லாமல் ஒரு புள்ளியாகச் செயற்கைக்கோள் நகர்ந்து வரும். நாம் இருட்டில் நிற்கிறோம், அதன்மேல் இன்னும் வெயில் அடிக்கிறது. நடுவானிலேயே அது மங்கி மறைந்தால், பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று அறியலாம். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். மறைந்த நேரத்தையும் திசையையும் அவர்கள் கையாலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.